விடாக்கண்டியும் ஐந்தரைக் கட்டையும்

அவளுக்கு விடாக்கண்டி என்று பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த புதிதில் சமையலறை அலமாரிக் கதவு ஒன்று திறக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது. வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது. புதுப்பெண்ணுக்குப் பழகவில்லை. கீலைக் கழற்றினாள், எண்ணெய் போட்டாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். கடைசியில் சத்தம் போட்டது கீலே இல்லை, பின்னால் சுவரில் யாரோ அடித்துவிட்டு மறந்த ஆணியில் கதவு உரசுகிறது என்று கண்டுபிடித்து, ஆணியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள். அதற்குள் அப்பாவுக்குத் தலை நரைத்துவிட்டது என்று நாத்தனார் சொல்வாள். அவருக்கு அதற்கு வெகு முன்பே முழு வழுக்கை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நாத்தனாருக்கும் ஊரார் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆறுகட்டை. பாடுகிறவர்களின் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். கட்டை ஏற ஏறக் குரலும் ஏற வேண்டும். ஐந்து கட்டையிலேயே பல பெண்களுக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். இவளோ ஆறில் நின்றுகொண்டு, வாசலில் பால்காரரோடு பேசுகிற மாதிரி சாவகாசமாகப் பாடுவாள். ஒருமுறை மேலே போய் அவள் இழுத்த இழுப்பில் முன்வரிசைக்காரர் ஒருவரின் பல்செட்டு கழன்று மடியில் விழுந்ததாம். விழுந்தது என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். பல்செட்டு இருந்தது உண்மை.

பாட்டுக் குழுவில் மொத்தம் நாலே பேர். பாடுவது ஆறுகட்டை. தாளம் அவளுடைய தம்பி, அதாவது விடாக்கண்டியின் கணவன். ரப்பர்த் தட்டுகளில் குச்சியால் அடித்தால் டிரம்ஸ் ஓசை வருகிற மின்சாரக் கருவி அவனுடையது. தாளம் இம்மியளவு பிசகாது; சுருதி மட்டும் அவனுக்குத் தண்ணீருக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாதவன் குளிக்கப் போன கதை. ஆண் குரலுக்கும் அறிவிப்புக்கும் ஒருவர் இருந்தார். கையில் ஒலிவாங்கி இல்லாதபோதும் இருப்பதாகவே நினைத்துப் பேசுவார் என்பதால் அவர் பெயர் மைக். மீதி அத்தனை வாத்தியமும் விடாக்கண்டிதான்.

பகலில் அவளுக்குப் பெயர்ப்பலகை செய்கிற கடையில் வேலை. டாக்டர் பெயர், வக்கீல் பெயர், 'உள்ளே நாய் இருக்கிறது' என்று கணினியில் எழுத்துக் கோத்துக் கொடுப்பாள். பட்டத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் டாக்டர்கள் பலகையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் எதையும் உள்ளது உள்ளபடி, முழுசாக, துல்லியமாக எழுதுவது அவள் கைக்கு வந்துவிட்டது. வீட்டில் மிளகாய் டப்பாவில் 'மிளகாய்' என்று மட்டும் இருக்காது, 'மிளகாய், காரம் அதிகம், பழையது முதலில்' என்று இருக்கும். அசந்து தூங்கினால் தன் நெற்றியிலும் ஒரு சீட்டு ஒட்டிவிடுவாள் என்று கணவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

வாசிப்பு அவளாகவே கற்றது. யாரோ வீடு மாறும்போது விட்டுப்போன பொம்மைக் கீபோர்டில் ஆரம்பம். அதில் நடுவே விரல் அழுத்துகிற கட்டை ஒன்று செத்துக் கிடந்தது. செத்த கட்டையைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி எல்லாப் பாட்டையும் வாசித்துப் பழகினாள். பிறகு நல்ல கீபோர்டு வந்தது, அதற்குப் பிறகு மடிக்கணினி வந்தது. இப்போது கீபோர்டு வெறும் விரல் வைக்கிற பலகைதான். வயலின், புல்லாங்குழல், ரயில் ஊதல், மழைச் சத்தம், எல்லாம் கணினிக்குள் ஒரே மென்பொருளில் குடியிருந்தன. கச்சேரிக்கு ஒரு தொகுப்பு என்று கட்டி, பெயர் கொடுத்து வைத்துவிட்டால், மேடையில் ஒரு பொத்தானில் வயலின் போய்க் குழல் வரும். வருஷக்கணக்கில் ஒவ்வொரு ஒலியாகச் சேர்த்து, சீவி, துடைத்து வைத்திருந்தாள். மொத்தத்தையும் எல்லோரும் 'பெட்டி' என்பார்கள்.

அன்றைக்கு மாலை மின்விசிறிக் கம்பெனி ஒன்றின் ஆண்டு விழாவில் கச்சேரி. காலையில் பெட்டியைத் திறந்தாள். மென்பொருளின் படம் வந்தது. அடியில் பச்சைக் கோடு ஊர்ந்து, ஊர்ந்து, கடைசிவரை போனது. போனதும் எல்லாம் மறைந்து வெறும் திரை நின்றது. மன்னிப்பு, காரணம், ஒன்றும் கிடையாது. வாசல்வரை வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போன மாதிரி இருந்தது.

மறுபடி திறந்தாள். மறுபடி அதே ஊர்வலம், அதே மறைவு.

கணவன் காபித் தம்ளரோடு வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "அணைச்சுட்டுப் போட்டுப் பாரேன்" என்றான்.

"அணைச்சும் பார்த்தாச்சு, கொஞ்சியும் பார்த்தாச்சு. நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

செய்தி நாத்தனாருக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. தம்பி எதையும் அக்காவிடம் மறைத்துப் பழக்கமில்லாதவன். அவள் கூப்பிட்டபோது பக்கத்தில் மைக்கும் இருந்தார். கைப்பேசியைச் சத்தமாகப் போட்டுப் பேசினார்கள். மைக்கிடம் ரொம்ப நாளாகவே ஒரு யோசனை இருந்தது. பாட்டு ஒவ்வொன்றுக்கும் எல்லா வாத்தியமும் சேர்த்து முன்கூட்டியே பதிவு செய்த 'டிராக்' கிடைக்கிறது. அதை ஓடவிட்டு மேலே பாடினால் போதும், கீபோர்டும் வேண்டாம், வாசிக்க ஆளும் வேண்டாம். ஆறுகட்டையின் பாட்டுகளுக்கெல்லாம் டிராக் வாங்கித் தன் கைப்பேசியில் தயாராக வைத்தும்விட்டார். எல்லாம் சரியாக ஆறு கட்டையில் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். நாத்தனார் இதுவரை அதற்குச் சரி என்றதும் இல்லை, வேண்டாம் என்றதும் இல்லை.

அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

"இதோ பாரு. மேடை ஏறறதுக்குள்ள உன் பெட்டி வாயைத் திறக்கலைன்னா டிராக்தான். இன்னைக்கு டிராக்னா இனிமேலும் டிராக். மாசத்துக்கு ஒரு வைத்தியம் பார்த்துட்டு இருக்க எனக்குத் தெம்பு இல்லை."

"சரிங்க அண்ணி" என்றாள் விடாக்கண்டி. அவ்வளவுதான் சொன்னாள். சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது. அதைச் சொல்ல முடியாமல் வாய்க்குள்ளேயே வைத்து மென்றாள்.

முந்தின நாள் ஒத்திகை முடிந்து ஆண்கள் இருவரும் ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றப் போயிருந்த சமயம், நாத்தனார் ஒயரைப் பார்க்கிற சாக்கில் அவள் பக்கம் குனிந்து, ஒயரிடமே பேசுகிற மாதிரி பேசினாள். "அரைக் கட்டை இறக்கி வை. எல்லாப் பாட்டும். தம்பிக்குக் கூடத் தெரிய வேணாம்." கொஞ்ச நாளாகவே மேலே போகிற இடத்தில் அவள் குரல் ஓரம் பிரிவதை விடாக்கண்டி கவனித்துதான் இருந்தாள். உடனே பழைய தொகுப்பை நகலெடுத்து, பாட்டுக்குப் பாட்டு அரைக் கட்டை இறக்கி, மூடி வைத்தாள்.

டிராக் ஆறில்தான் ஓடும். அதை இறக்க மைக்குக்குத் தெரியாது. டிராக்கைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது ஆறிலேயே தொங்கும். மைக்கிடம் கேட்டால் 'ஏன்?' என்று வரும் என்பதால் நாத்தனாரும் கேட்டிருக்க மாட்டாள். எல்லாம் கைப்பேசியில் தானாக இறங்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை உடைத்துச் சொல்லிவிட்டால் விடாக்கண்டி அந்த நிமிஷமே ஜெயித்துவிடலாம். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பது மைக். அவரிடம் போய்ச் சேர்ந்த விஷயம் அதற்குப் பிறகு ஒலிபெருக்கி வழியாகத்தான் வெளியே வரும்.

அதனால் பெட்டியைத் திறப்பது ஒன்றே வழி என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் கீபோர்டு, ஒலிப்பெட்டி என்று வெளியே செருகியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கினாள். கணினி தனியாக நின்றது. திறந்தாள், மறைந்தது. ஆக, குற்றம் உள்ளே. கணினி வாங்கிய கடைக்காரருக்குப் பேசினாள். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். மென்பொருளை அதற்குள் இருக்கிற எல்லாவற்றோடும் சேர்த்து அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் கண்டிப்பாகத் திறக்கும் என்றார். திறக்கும், சந்தேகமில்லை. உள்ளே இருந்தவர்கள்தான் இருக்க மாட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாக இல்லை என்று மரியாதையாகச் சொல்லி வைத்தாள்.

ஒருவேளை ஒலிகளில் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கலாம். அவற்றில் பாதியை எடுத்து வேறு இடத்தில் ஒதுக்கிவிட்டுத் திறந்தாள். மறைந்தது. அந்தப் பாதியைத் திருப்பி வைத்து மறு பாதியை எடுத்தாள். மறைந்தது. கடைசியில் எல்லா ஒலியையும் வெளியேற்றி மென்பொருளை மொட்டையாக நிறுத்திவிட்டுத் திறந்தாள். அப்போதும் மறைந்தது. கணவனுக்கு இது பெரிய தோல்வியாகத் தெரிந்தது. ஆறுதலாக ஏதோ சொல்ல வந்தான். அவள் முகத்தில் ஏறக்குறைய சிரிப்பு இருந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"என்ன?"

"என் வயலின் மேல தப்பு இல்லை. குழல் மேல தப்பு இல்லை. ஒருத்தர் மேலயும் இல்லை."

"அப்ப யார் மேல?"

"அதைத்தானே பார்க்கறேன்."

கணக்கு வாத்தியார் போல வரிசையாக யோசித்தாள். இந்த மென்பொருளுக்கு ஒரு வழக்கம் உண்டு. திறந்ததும், கடைசியாக மூடும்போது எந்தத் தொகுப்பு இருந்ததோ அதையே தேடி எடுத்து முன்னால் வைக்கும். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தத் தொகுப்பிலேயே கோளாறு என்றால்? திறக்கும், அதை எடுக்கும், விழும். மறுபடி திறக்கும், மறுபடி அதையே எடுக்கும். மறதியே இல்லாத ஆளிடம் சண்டை போடுகிற கதை.

மென்பொருள் தன் ஞாபகங்களைச் சேர்த்து வைக்கிற உறையைத் தேடிப் பிடித்து மேசைத்திரையில் இழுத்துப் போட்டாள். இப்போது திறந்தாள். பச்சைக் கோடு கடைசிவரை போனது. மறையவில்லை. பிறந்த குழந்தை மாதிரி, யாரையும் அடையாளம் தெரியாமல், காலியாகத் திறந்து விழித்தது.

கணவன் அந்தச் செய்தியை அக்காவுக்குச் சொல்லக் கைப்பேசியை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கித் தன் மடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் ஒன்றும் முடியவில்லை. ஒலிகளைத் திருப்பி வைத்தாள், திறந்தது. பழைய தொகுப்புகளை ஒவ்வொரு கட்டாகத் திருப்பி வைத்தாள்; திறந்தது. நேற்றுக் கட்டிய அந்த ஒரு தொகுப்பை வைத்தாள். விழுந்தது.

அதற்குள் வாசலில் வண்டி வந்து ஒலியெழுப்பிவிட்டது. கணினியைத் திறந்தபடியே மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். முன்னால் நாத்தனார், பக்கத்தில் ஓட்டுவது தம்பி, பின்னால் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே மைக்கும் இவளும். மைக் வழியெல்லாம் டிராக்கின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். டிராக் சாப்பாடு கேட்காது, டிராக்குக்குத் தலைவலி வராது, டிராக் வீட்டுக்கு உறவுக்காரர் வரமாட்டார்கள். தப்பா எடுத்துக்காதே தங்கச்சி என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் சேர்த்துக்கொண்டார். அவள் எப்படியும் எடுத்துக்கொள்ளவில்லை, கேட்கவே இல்லை.

இரண்டு தொகுப்புகளும் ஒன்றுக்கொன்று நகல். அதே பாட்டுகள், அதே ஒலிகள். நேற்றையதில் சுருதி அரை இறங்கியிருக்கிறது. சுருதியை அவள் ஆயிரம் முறை ஏற்றி இறக்கியிருக்கிறாள், பெட்டி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வேறு என்ன வித்தியாசம்? வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. திரை ஆடியது. ஆடுகிற திரையில் இரண்டு பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன.

மேலே: 'அண்ணி 6 கட்டை'.

கீழே: 'அண்ணி 5 1/2 கட்டை'.

பெயர்ப்பலகைக் கடைக்காரி. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள்.

அவளுக்குக் காரணம் பிடிபட்ட மாதிரி இருந்தது. ஆனால் நினைத்ததை நம்புவது அவள் வழக்கமில்லை, செய்து பார்த்ததைத்தான் நம்புவாள். கோளாறுத் தொகுப்பை ஒதுக்கிவிட்டு, ஒரு பாட்டுமில்லாத, ஒரு ஒலியுமில்லாத வெற்றுத் தொகுப்பு ஒன்று புதிதாகத் திறந்தாள். அதற்குச் சும்மா 'மைக் 1/2' என்று பெயர் வைத்தாள். பெட்டி மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. மூடினாள். திறந்தாள். பச்சைக் கோடு போய், எல்லாம் மறைந்தது. ஞாபக உறையை இழுத்துப் போட்டு மறுபடி உயிர் கொடுத்து, இப்போது 'மைக் அரை' என்று எழுத்தில் வைத்தாள். மூடினாள், திறந்தாள். சமர்த்தாகத் திறந்தது.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நிற்கிற அந்தச் சாய்ந்த கோடு கணினிக்கு ஒரு வாசல். கோட்டுக்கு முன்னால் இருப்பது அறையின் பெயர், பின்னால் இருப்பது அதற்குள் இருக்கிற பொருளின் பெயர் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 'அண்ணி 5 1' என்று ஓர் அறையைத் தேடிப் போயிருக்கிறது. அப்படி ஓர் அறை இந்த உலகத்தில் இல்லை. தேடிய இடத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறது. இத்தனை வருஷம் ஆறு என்று முழுசாக இருந்தவரை தொல்லை இல்லை. அண்ணி அரை இறங்கினாள், பெட்டி முழுசாக இறங்கிவிட்டது.

மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். மேடையில் மேசைகளை ஒதுக்கி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். விழுந்த தொகுப்பை எழுப்பி வைத்தியம் பார்ப்பதைவிடப் பழைய ஆறிலிருந்து புதிதாக இறக்கிக் கட்டுவது சீக்கிரம் என்று கணக்குப் போட்டு, ஒரு மூலையில் ஒலிபெருக்கியின் மேல் கணினியை வைத்து நின்றபடியே ஆரம்பித்தாள். பாட்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு துண்டு ஒலியையும் தனித்தனியாகத் தொட்டு இறக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் மேடையில் அது மட்டும் மாமியார் வீட்டில் முறைத்துக்கொண்டு நிற்கிற மருமகன் மாதிரி தனியாக நிற்கும்.

அதற்குள் மைக் தன் கைப்பேசியை ஒலிபெருக்கியில் செருகிவிட்டார். ஒலி பார்க்க என்று சொல்லி முதல் பாட்டின் டிராக்கை ஓடவிட்டார். மண்டபமே நிறைகிற மாதிரி வாத்தியங்கள் எழுந்தன. நாத்தனார் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். கீழே எல்லாம் நன்றாகத்தான் போனது. சரணத்தில் மேலே ஏறுகிற இடம் வந்தது. ஏறினாள். உச்சிக்கு ஒரு படி முன்னால் குரல் பிரிந்தது.

நிறுத்திக்கொண்டாள். தூசி என்றாள். தண்ணீர் குடித்தாள். மைக் மறுபடி ஓடவிட்டார். இந்த முறை அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே வாயை மூடிக்கொண்டாள். டிராக் மட்டும் அவளைப் பற்றிக் கவலைப்படாமல் மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

ஒலிவாங்கியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மூலைக்கு வந்தாள். ஒயரைப் பார்க்கவில்லை இந்தத் தடவை. நேராக முகத்தைப் பார்த்தாள்.

"மைக்கோட போன்ல இறக்க முடியாதா?"

"அவருக்குத் தெரியாதுங்க அண்ணி."

"காலைலயே ஏன் சொல்லலை?"

"அவர் பக்கத்துல இருந்தார். யாருக்கும் தெரிய வேணாம்னு சொன்னீங்க."

நாத்தனார் திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு, பெட்டிக்கு என்ன கோளாறாம் என்று கேட்டாள். உங்கள் சுருதியை நான் பின்னத்தில் எழுதிவிட்டேன், அதற்குப் பின்னம் பிடிக்கவில்லை என்று விடாக்கண்டி சொன்னாள். நாத்தனாருக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியில் அவளுடைய பெயர் இருந்தது.

"என் பேரைப் போட்டு ஊருக்குத் தெரியற மாதிரி எழுதியா வெச்சே?"

"ஆமாங்க."

"உன்னை என்ன பண்ணினா தேவலை?"

"இன்னும் ரெண்டு பாட்டு பாக்கி இருக்கு அண்ணி. அதை முடிச்சுட்டு வர்றேன், அப்புறம் பண்ணுங்க."

நாத்தனார் போகவில்லை. அங்கேயே, ஒலிபெருக்கிக்கு முன்னால், தன் புடவைத் தலைப்பை விரித்துக்கொண்டு திரை மறைக்கிற மாதிரி நின்றாள். மைக் ஒருமுறை இந்தப் பக்கம் வரப் பார்த்தார். போய் அறிவிப்பைப் பாடம் பண்ணுங்கள் என்று விரட்டினாள்.

விழாக்காரர்கள் இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தபோது கடைசிப் பாட்டும் இறங்கியது. பெயர் கேட்டது பெட்டி. 'ஐந்தரை' என்று எழுத்தில் கோத்தாள். மூடினாள். கணவன் குச்சிகளோடு பக்கத்தில் வந்து நின்றான். திறந்தாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. கடைசிக்குப் போனது. நின்றது. வயலின், குழல், மணி, மழை எல்லாம் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருந்தன.

"மைக், அந்த ஒயரைப் பிடுங்கிட்டு பெட்டி ஒயரைப் போடுங்க" என்றாள் நாத்தனார். அக்கா, டிராக் நல்லாத்தானே இருந்தது என்று அவர் ஆரம்பித்தார். நல்லாத்தான் இருந்தது, வீட்டில் வைத்துக் கேளுங்கள் என்று பதில் வந்தது.

முதல் பாட்டு ஐந்தரையில் எழுந்தது. சரணத்தில் மேலே போகிற இடத்தில் விடாக்கண்டியின் விரல்கள் கட்டைமேலும் கண்கள் நாத்தனாரின் முதுகின்மேலும் இருந்தன. குரல் ஏறியது, உச்சியைத் தொட்டது, பிரியாமல் நின்றது. முன்வரிசையில் யாருக்கும் பல்செட்டு விழவில்லை. கைதட்டினார்கள். மைக் பழக்கத்தில் ஆறு கட்டை என்று அறிவித்ததை யாரும் திருத்தவில்லை.

நாலாவது பாட்டு, துண்டு ஒலிகள் இல்லாமல் விரலாலேயே வாசிக்கிற பாட்டு. அதற்கு முன்னால், மைக் சபையிடம் ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், நாத்தனார் தண்ணீர்க் குவளையை எடுக்கிற மாதிரி பின்னால் வந்தாள்.

"ஏய், இது ரொம்ப மேல போற பாட்டு. இன்னும் ஒரு அரை இறக்குவியா? இப்பவே முடியுமா?"

"எந்த இடத்துல இருந்துங்க? முதல்ல இருந்தா, இல்லை சரணத்துல மட்டுமா?"

நாத்தனார் அவளையே பார்த்தாள். சரணத்தில் மட்டும் இறக்கலாம் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

"உனக்கு எது சரின்னு படுதோ அப்படிப் பண்ணு" என்றாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து விடாக்கண்டி அவள் வாயில் கேட்டறியாத வாக்கியம் அது. "அடுத்த வாரக் கச்சேரிக்கும் அப்படியே பண்ணிடு. அதுக்கடுத்த வாரத்துக்கும்."

மைக் வேடிக்கையை முடித்து இந்தப் பக்கம் திரும்பினார். கணவன் குச்சியால் நாலு தட்டித் தொடக்கம் கொடுத்தான். விடாக்கண்டி ஐந்து கட்டையில் விரலை வைத்தாள்.